என்கிளெக்ஸ் தேர்வுக்குக் கார்டு போட்டுப் படிப்பது: எண்ணோடு நிறுத்தாதீர்கள்

ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை. இதை மனப்பாடம் செய்யாமல் நர்சிங் முடித்தவர் யாரும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வில் "பொட்டாசியத்தின் இயல்பு அளவு என்ன?" என்ற கேள்வியை எதிர்பார்க்காதீர்கள். நான்கு நோயாளிகளைக் காட்டி, அதில் ஒருவருக்குப் பொட்டாசியம் 6.3 என்று போட்டு, "முதலில் யாரிடம் போவீர்கள்?" என்று கேட்பார்கள். கேஸ் ஸ்டடிகளில் வரும் லேப் தாளில் பல நேரம் இயல்பு அளவும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். வெறும் எண்ணை மட்டும் படித்துக்கொண்டு போனால், கையில் கொடுத்ததையே மறுபடி ஒப்பிப்பதாகத்தான் முடியும்.

அதனால் முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக எழுதிப் படிக்கும் கார்டின் பின்பக்கத்தில் எப்போதும் மூன்று வரி இருக்கட்டும்: எண், நோயாளியிடம் தெரியும் அடையாளம், நர்ஸ் முதலில் செய்வது. மூன்றாவது வரி இல்லாத கார்டு பாதிக் கார்டு.

பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம்: "பொட்டாசியம் 6.3". பின்பக்க முதல் வரி: இயல்பு 3.5–5.0. இரண்டாம் வரி: ஈ.சி.ஜி.யில் கூர்மையாக உயர்ந்த டி அலை, அகன்ற கியூ.ஆர்.எஸ்., தசைத் தளர்ச்சி. மூன்றாம் வரி: கார்டியாக் மானிட்டரில் போடு, ஓடிக்கொண்டிருக்கும் பொட்டாசியத்தை நிறுத்து, டாக்டரிடம் சொல், ஆர்டர் வந்தால் கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினோடு டெக்ஸ்ட்ரோஸ். இதில் கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைத்தான் காக்கும். இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளும், உடலைவிட்டு வெளியேற்றாது. வெளியேற்றுவது டயாலிசிஸும் பொட்டாசியத்தைப் பிடிக்கும் மருந்துகளும். தவறான விடைகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் ஒளிந்திருக்கும். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதிவிடுங்கள்: ரத்த மாதிரி ஹீமோலைஸ் ஆகியிருந்தால், அதாவது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும்.

குறைந்த பொட்டாசியத்துக்குத் தனிக் கார்டு. தட்டையான டி அலை, யூ அலை, காலில் பிடிப்பு, குடல் அசைவு குறைவு. ஐ.வி. புஷ் ஒருபோதும் கிடையாது, நீர்த்து, பம்பில்தான். கைநரம்பு வழியாக என்றால் பொதுவாக மணிக்கு 10 மில்லிஈக்விவலென்டுக்கு மேல் போவதில்லை. ஏற்றுவதற்கு முன் சிறுநீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும் சிறுநீர்ப் பெருக்கி ஃபுரோசெமைடும் இதய மருந்து டிஜாக்ஸினும் சேர்ந்து எடுக்கும் நோயாளி கேள்வியில் வந்தால், அந்தக் கேள்வி பொட்டாசியத்தைப் பற்றியது என்று உடனே மணி அடிக்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்ஸின் நச்சு ஏறும்.

ஒரு கார்டு இன்னொரு கார்டுக்கு வழி காட்டுவது இப்படித்தான். டிஜாக்ஸின் கார்டில்: ரத்தத்தில் மருந்தின் அளவு மி.லி.க்கு 0.5–2.0 நானோகிராம், குமட்டல், பசியின்மை, மஞ்சள் பச்சையாகத் தெரியும் பார்வை, கொடுப்பதற்கு முன் ஏபிக்கல் துடிப்பை (நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது) ஒரு முழு நிமிடம் எண்ணு, பெரியவருக்கு 60க்குக் கீழே என்றால் நிறுத்தி வைத்துத் தெரிவி. மனநல மருந்தான லித்தியத்துக்கு ரத்த அளவு 0.6–1.2, 1.5ஐத் தாண்டினால் நச்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் கூடுதல் என்று நோயாளி சொன்னால் அடுத்த டோஸ் கொடுக்காமல் ரத்த அளவு பார்க்க வேண்டும். உப்பைத் திடீரெனக் குறைத்தாலோ அதிகமாக வியர்த்தாலோ லித்தியம் உடலில் தேங்கும். அதனால் "உப்பைத் தவிர்க்கச் சொல்லுங்கள்" என்ற விடை லித்தியம் கேள்வியில் தவறு; இதய நோயாளிக்குச் சரியாக இருந்த அதே வரி இங்கே ஆளைக் கவிழ்க்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதை அளக்கும் சோதனை) 2–3, செயற்கை உலோக வால்வுக்கு 2.5–3.5, முறிவு மருந்து வைட்டமின் கே. ஹெபரினுக்கு ஏ.பி.டி.டி. என்ற உறைதல் சோதனை, முறிவு மருந்து புரோட்டமின் சல்ஃபேட். இந்த இரண்டையும் ஒரே கார்டில் எதிரெதிரே எழுதுவதே நல்லது. தனித்தனியாகப் படித்தால் தேர்வு அறையில் மாறிப்போகும். கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஓடும்போது பார்க்க வேண்டியவை மூன்று: முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர். ரிஃப்ளெக்ஸ் போய்விட்டாலோ, மூச்சு 12க்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்தாலோ முதல் வேலை மருந்தை நிறுத்துவது. கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்சுலின் கலப்பதற்குத் தமிழிலேயே ஒரு வாய்ப்பாடு போதும்: தெளிவு முன்னால், கலங்கல் பின்னால். காற்றை மட்டும் கலங்கலான என்.பி.எச். குப்பியில் முதலில் செலுத்த வேண்டும். பிறகு தெளிவான ரெகுலர் குப்பியில் காற்று, அதிலிருந்து மருந்து, கடைசியில் என்.பி.எச். மருந்து. கிளார்ஜின் இன்சுலினை எதனோடும் கலக்கக் கூடாது. ரெகுலரின் உச்சம் 2–4 மணி நேரம், என்.பி.எச். 4–12 மணி நேரம். இந்த எண்களின் பயன் ஒன்றுதான்: காலை 7 மணிக்கு என்.பி.எச். போட்டவருக்கு எப்போது சர்க்கரை தாழும் என்று கேட்டால், மதியத்திலிருந்து மாலை வரை கவனி என்று சொல்ல வேண்டும்.

இங்கே வேலை பார்த்தவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

இந்தியாவில் படித்து, வார்டில் சில ஆண்டுகள் டூட்டி பார்த்தவர்களுக்குப் பாடம் தெரியாமல் போவதைவிடப் பழக்கம் குறுக்கே வருவதுதான் அதிகம்.

முதலாவது, மருந்துப் பெயர். தேர்வில் பெரும்பாலும் ஜெனரிக் பெயர்தான், அதுவும் அமெரிக்க வழக்கில். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அதன் முறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டைன். அட்ரீனலின் எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் ஆல்பியூடெரால். பெத்திடின் மெபெரிடின். லிக்னோகெய்ன் லிடோகெய்ன். கிளைபென்கிளமைடு கிளைபுரைடு. கார்டின் முன்பக்கத்தில் அமெரிக்கப் பெயரை மட்டும் எழுதுங்கள். பழகிய பெயரையும் சேர்த்து எழுதினால் கண் அதைத்தான் படிக்கும்.

இரண்டாவது, "டாக்டரைக் கூப்பிடு". வார்டில் எதற்கும் முதலில் டூட்டி டாக்டருக்கு போன் போட்டுப் பழகிய கை, விடையிலும் அதையே தேர்ந்தெடுக்கும். என்கிளெக்ஸ் கேட்பது, போனை எடுப்பதற்கு முன் நர்ஸ் தன் பொறுப்பில் என்ன செய்ய முடியும் என்பது. ரத்தம் ஏற்றும்போது குளிரும் முதுகுவலியும் வந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், புது டியூப் மாட்டி நார்மல் சலைன் ஓட்ட வேண்டும், பிறகுதான் போன். பழைய டியூபிலேயே சலைன் விட்டால் அதில் மிச்சமிருக்கும் ரத்தம் உள்ளே போய்விடும். அந்த விடையும் பட்டியலில் நிச்சயம் இருக்கும்.

மூன்றாவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. இதுதான் நம்மவர்களுக்கு மிகக் கடினமான பகுதி. அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), எல்.பி.என். (அதற்கு அடுத்த படியில் உரிமம் பெற்ற நர்ஸ்), நர்சிங் அசிஸ்டென்ட் என்று மூன்று படி. குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, நிலையான நோயாளியின் பி.பி., வெப்பநிலை, உட்கொண்டது வெளியேறியது அளப்பது அசிஸ்டென்டிடம் போகும். நிலையான நோயாளிக்கு வாய்வழி மருந்து, டிரெஸ்ஸிங், கதீட்டர் எல்.பி.என். செய்யலாம். முதல் அசெஸ்மென்ட், முதல் முறை கற்பிப்பது, பலனை மதிப்பிடுவது, ரத்தம் ஏற்றத் தொடங்குவது, நிலைமை மாறிக்கொண்டிருக்கும் நோயாளி ஆகியவை ஆர்.என். கையை விட்டுப் போகக் கூடாது. "இந்த வேலையில் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்குமா?" என்று ஒரே கேள்வி கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை தெரிந்ததே. அதோடு இன்னொரு சல்லடையும் வேண்டும்: எதிர்பார்த்ததா, எதிர்பாராததா? சி.ஓ.பி.டி. (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்கு ஆக்ஸிஜன் 90 சதவீதம் என்பது பயமுறுத்தும், ஆனால் அவருக்கு அது எதிர்பார்த்ததுதான். தைராய்டு அறுவை முடிந்து வந்தவருக்கு வாயைச் சுற்றி மரத்துப்போவது சின்ன விஷயம் போலத் தெரியும். அது கால்சியம் விழுந்ததன் அடையாளம், தொண்டை இறுகும் வரை போகலாம். அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

தொற்றுக் காப்புக்குப் பெரிய அட்டவணை வேண்டாம். காற்றில் பரவுவது காசநோய், தட்டம்மை, சின்னம்மை. என்95 முகக்கவசம், எதிர்மறை அழுத்த (நெகட்டிவ் பிரஷர்) அறை. துளிகளால் பரவுவது இன்ஃபுளுயன்ஸா, கக்குவான் இருமல், மெனிங்கோகாக்கல் மூளைச்சவ்வு அழற்சி. சாதா சர்ஜிக்கல் மாஸ்க். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி.டிஃப் பாக்டீரியா என்றால் கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான், ஆல்கஹால் ஜெல் அந்த வித்துகளைக் கொல்லாது.

கணக்கு

எடை பவுண்டில் வரும். முதல் வேலையாக 2.2ஆல் வகுத்துக் கிலோவாக்குங்கள். உதாரணம்: 154 பவுண்டு நோயாளிக்கு மணிக்கு கிலோவுக்கு 18 யூனிட் ஹெபரின், பையில் 500 மி.லி.யில் 25,000 யூனிட். எடை 70 கிலோ. 70 × 18 = 1,260 யூனிட். பையில் ஒரு மி.லி.க்கு 50 யூனிட். 1,260 ÷ 50 = மணிக்கு 25.2 மி.லி. எத்தனை தசமம் வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள்; நடுவில் முழுமையாக்காமல் கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

தீக்காயம் பட்டவருக்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பதற்கு பார்க்லேண்ட் சூத்திரம்: 4 மி.லி. × கிலோ × தீக்காய சதவீதம். 70 கிலோ, 40 சதவீதம் என்றால் 24 மணி நேரத்துக்கு 11,200 மி.லி.; பாதி, அதாவது 5,600, முதல் 8 மணி நேரத்தில். கண்ணி எங்கே என்றால், அந்த 8 மணி நேரம் தீப்பிடித்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தவருக்கு 5,600ஐ 6 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும், மணிக்குச் சுமார் 933 மி.லி. கேள்வியில் வேறு பெருக்கெண் தந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எப்படிச் சுழற்றுவது

ஒரு நாளைக்குப் புதுக் கார்டு 15க்கு மேல் போடாதீர்கள். போட்ட கார்டு மறுநாள், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் திரும்ப வரட்டும். ஆங்கி போன்ற செயலி இதைத் தானே செய்யும்; காகிதக் கார்டு என்றால் நான்கு டப்பா போதும். விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். "தெரியும் தெரியும்" என்று திருப்புவது படிப்பில் சேராது. நைட் டூட்டி முடிந்த காலையில் புதுக் கார்டைத் தொடாமல் பழையதை மட்டும் புரட்டுங்கள்.

இன்னொருவர் போட்ட ஆயிரம் கார்டுத் தொகுப்பை இறக்கிக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. கார்டு கேள்வி வங்கியிலிருந்து பிறக்க வேண்டும். நாளுக்கு 50 முதல் 75 கேள்வி செய்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தைப் படித்து, ஏன் தவறியது என்று ஒரு எழுத்து போடுங்கள்: தெரியாததால் என்றால் 'தெ', கேள்வியைச் சரியாகப் படிக்காததால் என்றால் 'ப', எது முதல் என்பதில் சறுக்கியது என்றால் 'மு'. 'தெ' மட்டும்தான் புதுக் கார்டாக வேண்டும். 'ப' அதிகமாக இருந்தால் கார்டு போட்டுத் தீராது; வேகத்தைக் குறைத்து, "மேலும் கற்பிக்க வேண்டியிருப்பதைக் காட்டும் கூற்று எது" போன்ற தலைகீழ்க் கேள்விகளை அடையாளம் காணப் பழக வேண்டும்.

இயல்பு அளவுகள் புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறும். ஒரே மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வின் வடிவம்

2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி. மொத்தம் 5 மணி நேரம், இடைவேளையும் அதற்குள்தான். தலா ஆறு கேள்வி கொண்ட, மதிப்பெண்ணில் சேரும் கேஸ் ஸ்டடிகள் மூன்று வரும். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். கேள்வி கடினமாகிக்கொண்டே போவது கெட்ட சகுனம் இல்லை. 85ஐத் தாண்டியும் ஓடினால், கணினியால் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்பதற்கு மேல் அதில் அர்த்தம் தேடாதீர்கள்.

பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. சரிக்கு ஒன்று கூடும், தவறுக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லாவற்றையும் டிக் செய்வது அதனால் பலிக்காது. ஒவ்வொரு வரியையும் தனிச் சரி-தவறு கேள்வியாகப் படித்து, உறுதியானதை மட்டும் தொடுங்கள். எத்தனை தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண் சொல்லியிருந்தால் அத்தனையையும் நிரப்புங்கள். அங்கே தவறுக்குக் கழிவு கிடையாது.

தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதும் நம் பழக்கத்தால் இதில் சிக்குபவர்கள் உண்டு. தேதி எடுப்பதற்கு முன்பே சரிபாருங்கள்.

தேறவில்லை என்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். அப்போது வரும் செயல்திறன் அறிக்கை, ஒவ்வொரு பாடப்பகுதியிலும் தேர்ச்சி அளவுக்கு மேலா, அருகிலா, கீழா என்று சொல்லும். 'கீழ்' என்று வந்த பகுதிகளின் கார்டுகளை முதல் டப்பாவுக்குக் கொண்டுவாருங்கள், 'அருகில்' வந்தவற்றை இரண்டாம் டப்பாவில் வையுங்கள். கேள்வி வங்கியைப் புதிதாக வாங்குங்கள். பழையதில் விடை நினைவிருப்பதால் மதிப்பெண் பொய்யாக ஏறும்.