எழும்பாத ஃபாயில் படகும் நாம் செய்யும் தவறுகளும்

போன வாரம் ஏரியில் இரண்டு மாணவர்கள் தாங்களே செய்த ஹைட்ரோஃபாயில் படகை இறக்கினார்கள். நீருக்குள் இருக்கும் இறக்கைகள் (ஃபாயில்) தூக்க, நீருக்கு மேலே எழுந்து ஓடும் படகு அது. எழும்பவில்லை. கரைக்கு இழுத்து வந்து, முன் இறக்கைக்கு அடியில் ஆப்பு செருகிக் கோணத்தைக் கூட்டினார்கள். பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், போல்ட்டை முடுக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

எழும்பவில்லை என்றதும் கோணத்தைக் கூட்டுவது

நீருக்குள் இருக்கும் ஃபாயிலுக்கும் விமான இறக்கைக்கும் வேலை ஒன்றுதான். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது, அதனால் சின்ன இறக்கையே போதும். ஆனால் விமானத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு: நீர்ப்பரப்பு சாண் உயரத்தில்தான் இருக்கிறது, அதற்கு மேலே காற்று. கோணத்தைக் கூட்டக் கூட இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் குறைந்து, அந்தக் காற்றை உள்ளே உறிஞ்சப் பார்க்கும். படகு திரும்பும்போது, இறக்கையைப் படகோடு இணைக்கும் தாங்குகாலின் ஒரு பக்கத்திலும் இதே கதை. வழி கிடைத்துக் காற்று இறங்கிவிட்டால் தூக்குவிசை பொசுக்கென்று போய்விடும். வென்டிலேஷன் என்பது இதுதான்.

எனக்கு அப்படித்தான் ஆனது. நன்றாக எழும்பிய படகு, ஒரு திருப்பத்தில் மூக்கைக் குத்தி விழுந்தது. தாங்குகால் படகின் அடித்தளத்தோடு பிய்ந்து வந்துவிட்டது, மூன்று மாத உழைப்பு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தாங்குகாலை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று இறங்குகிறது. அடுத்த படத்தில் இறக்கை முழுக்க வெள்ளிப் பூச்சு போலக் காற்று.

முதலில் கணக்குப் போடுங்கள். ஆளும் படகும் சேர்த்து 100 கிலோ, வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எழவேண்டும், தூக்குக் குணகம் (இறக்கையின் தூக்கும் திறனைச் சொல்லும் எண்) 0.6 என்றால் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர் இறக்கை வேண்டும். என்னுடையது 900தான். அந்தக் குறையை எந்த ஆப்பும் ஈடுகட்டாது. வேகம் பாதியானால் பரப்பு நான்கு மடங்கு தேவை என்பதையும் மறக்காதீர்கள்.

கிரகாம் பெல்லும் கேசி பால்ட்வினும் 1919-ல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய எச்.டி.-4 படகில் இறக்கைகள் ஏணிப்படி போல அடுக்கடுக்காக இருந்தன. கிளம்பும்போது எல்லாப் படிகளும் நீருக்குள் இருக்கும். படகு எழ எழ மேல்படிகள் வெளியே வந்து, பரப்பு தானாகக் குறையும். எவ்வளவு அழகான தீர்வு! அப்புறம், தாங்குகாலில் குறுக்காகச் சிறு தகடுகள் வையுங்கள், காற்று இறங்குவதைத் தடுக்கும்.

உயரத்தைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று நம்புவது

முழுக்க மூழ்கிய இறக்கை தன் ஆழத்தைத் தானே சரிசெய்துகொள்ளாது. ஃபாயிலில் எழும்பி ஓடும் மோத் வகைப் பாய்மரப் படகின் முன்னால் நீரைத் தடவிக்கொண்டே போகும் மெல்லிய குச்சியைப் பாருங்கள். அதுதான் உயரத்துக்கு ஏற்ப இறக்கையின் பின்பக்க மடிப்பை ஏற்றி இறக்குகிறது.

வால் இறக்கை

பின்னால் இருக்கும் இந்தச் சிறு இறக்கையின் கோணத்தை ஒரே ஒரு டிகிரி மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்யாதீர்கள்.

மழுங்கிய பின் விளிம்பு

ஓடும்போது முனகல் கேட்கிறதா? உப்புத்தாளை எடுத்து இறக்கையின் பின் விளிம்பைத் தேய்த்து மெல்லியதாக்குங்கள்.

கடல்நீரில் அலுமினியமும் ஸ்டீல் திருகும்

அரிப்புத் தடுப்புப் பசை தடவாமல் பூட்டினால் திருகு கழற்ற வராது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, அன்றைக்கே கழற்றி வையுங்கள்.