தங்கத்தைக் காய்ச்சினால் எதுவரை சுத்தமாகும்?

நெருப்பில் உருக்கினாலே தங்கம் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெண்காரம் போட்டு உருக்கினால் துத்தநாகம் புகையாகப் போகும், செம்பில் கொஞ்சம் கசடோடு வரும். வெள்ளி மட்டும் அசையாது. அதைக் கரைக்க நைட்ரிக் அமிலம் வேண்டும். அமிலம் உள்ளே இறங்க வேண்டுமானால், முதலில் இன்னும் வெள்ளி சேர்க்க வேண்டும்.

ஒரு சவரன் 916 நகையில், அதாவது 8 கிராமில், 7.33 கிராம் சொக்கத் தங்கம். அதற்கு மூன்று மடங்கு, 22 கிராம் வெள்ளி. இரண்டையும் மூசையில் உருக்கிக் கலக்கி, ஆழமான வாளித் தண்ணீரில் மெல்லிய தாரையாக ஊற்றினால் பொரிப்பொரியாக விழும். வெள்ளி குறைந்தால் அமிலம் மேல்தோலோடு நின்றுவிடும். மிஞ்சினால் தங்கம் மாவாக உதிர்ந்து கழுவும் தண்ணீரோடு போய்விடும்.

கண்ணாடி பீக்கரில் 40 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், அதில் 40 மி.லி. அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. போர்வெல் தண்ணீரும் ஆகாது: அதன் உப்பு வெள்ளியோடு சேர்ந்து தயிர்போலத் திரிந்து தங்கத்தில் ஒட்டும். பழுப்புப் புகை கிளம்பும். புகைபோக்கி இல்லாத இடத்தில் செய்யாதீர்கள். அந்தப் புகை அப்போதைக்கு இருமலோடு விட்டாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். இளஞ்சூட்டில் புகை அடங்கும்வரை வைத்து, வடித்து, புது அமிலம் 20 மி.லி. விட்டு மறுபடி காய்ச்சுங்கள். சுடுநீரில் நான்கைந்து முறை கழுவினால் காப்பித்தூள் நிறத்தில் நிற்பதுதான் தங்கம். வெண்காரத்தோடு உருக்கினால்தான் மஞ்சள் வரும்.

இந்த முறை 99 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். எத்தனை முறை காய்ச்சினாலும் துளி வெள்ளி உள்ளே தங்கும்; இரிடியம் என்ற உலோகம் கலந்திருந்தால் அமிலம் அதைத் தொடவே தொடாது. பெரிய ஆலைகளுக்கும் எல்லை உண்டு. குளோரின் வாயு செலுத்தும் மில்லர் முறை 99.5 சதவீதத்தை ஒட்டி நிறுத்தப்படும். அதற்கு மேல் ஊதினால் தங்கமே ஆவியாகத் தொடங்கும். ஆயிரத்துக்கு 999.9, அதாவது 99.99 சதவீதம் வேண்டுமானால் பெரும்பாலும் மின்சாரத்தில் பிரிக்கும் வோல்வில் முறைக்குப் போவார்கள். நகைப் பட்டறைக்கு அது வீண்செலவு. செம்பு சேர்த்து மறுபடி 916 ஆக்கத்தானே போகிறோம்!

வடித்த நீல அமிலத்தைக் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான செம்புத் தகட்டை அதில் போட்டு வையுங்கள். போட்ட 22 கிராம் வெள்ளியும் சாம்பல் நிறச் சேறாகப் படிந்து ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடும்.