நியூசிலாந்து வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் புவித்தட்டு வரைபடத்தில் பசிபிக் தட்டுக்கும் ஆஸ்திரேலியத் தட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கோடு ஓடும். கோட்டிலிருந்து தள்ளி இருந்தால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தெற்குத் தீவில் தட்டு நகர்வின் ஏறத்தாழ முக்கால் பங்கை, தீவின் மேற்குப் பக்கமாக ஓடும் ஆல்பைன் பிளவு என்ற பெரிய நிலப்பிளவு வாங்கிக்கொள்கிறது. மீதி பக்கத்துப் பிளவுகளுக்குப் போகிறது. அவற்றில் பல சரளைக்கு அடியில் மறைந்தே கிடக்கும். 2010 செப்டம்பர் 4 அன்று கேன்டர்பரி சமவெளியில் 7.1 அளவில் அதிர்ந்த கிரீன்டேல் பிளவு, அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லை.

அளவு எண்ணை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. அந்த 7.1 அதிர்வில் இடிபாட்டில் சிக்கி யாரும் இறக்கவில்லை. 2011 பிப்ரவரி 22 அன்று வந்தது 6.2 தான், ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் 185 பேர் இறந்தார்கள். முன்னது விடியற்காலையில், கிறைஸ்ட்சர்ச் நகருக்கு வெளியே. பின்னது பகல் 12.51-க்கு, நகரை ஒட்டி, சுமார் 5 கி.மீ. ஆழத்தில். ஆக, அளவோடு ஆழம், தூரம், நேரம், அடிமண் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். (‘ரிக்டர் அளவு’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம், இப்போது பயன்படுவது உந்தத்திறன் அளவுகோல் (moment magnitude).)

எல்லை முழுக்க ஒரே வகை என்று எண்ணுவதும் பிழை. வடக்குத் தீவுக்குக் கிழக்கே பசிபிக் தட்டு கீழே போகிறது. தென்கோடியில் ஃபியார்ட்லாந்துப் பக்கம் ஆஸ்திரேலியத் தட்டு கீழே போகிறது. நடுவில் இரண்டும் உரசி நகர்கின்றன. நிலநடுக்கப் புள்ளிகளை ஆழவாரியாக நிறம் பிரித்துப் பாருங்கள்: வடக்குத் தீவில் மேற்கே போகப் போக ஆழம் கூடும். அமிழும் தட்டின் சரிவுதான் அது. ருவாபெஹு போன்ற எரிமலைகள் அதற்கு மேலே நிற்கின்றன. தட்டே உருகி மேலே வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில், தட்டிலிருந்து கசியும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகுவது அந்தப் பாறை.

ஆல்பைன் பிளவின் நகர்வு ‘ஆண்டுக்கு 27 மி.மீ.’ என்றதும் அது மெல்ல ஊர்வதாகத் தோன்றும். அப்படி இல்லை, பூட்டிக்கிடக்கிறது. கடைசியாக அது பெரிதாக உடைந்தது 1717-இல். 300 ஆண்டு × 27 மி.மீ. என்றால் 8 மீட்டருக்கு மேல் நகர்வு பாக்கி சேர்ந்திருக்கிறது.

மலையின் உயரத்தை வைத்து எழுச்சியைக் கணக்கிடாதீர்கள். ஆண்டுக்கு 10 மி.மீ. வரை உயரும், தெற்குத் தீவின் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர், பத்து லட்சம் ஆண்டில் 10 கி.மீ. ஏறியிருக்க வேண்டும். அதன் மிக உயரமான ஆவோராக்கி சிகரமோ 3,724 மீட்டர்தான். மீதியை மழையும் பனியாறும் அரித்துப் போய்விட்டன.

நிலவடிவம் எப்போதும் மெதுவாகத்தான் மாறும் என்பதும் சரியில்லை. வடக்குத் தீவின் நேப்பியர் நகர விமான நிலையம் இருக்கும் தரை 1931 பிப்ரவரி 3 காலை வரை காயலாக இருந்தது. 7.8 அளவு அதிர்வில் நிலம் 2.7 மீட்டர் வரை எழும்பியது, நீர் வடிந்தது.