கயாக் வாங்கியாச்சா? மினசோட்டா ஏரியில் இறக்கும் முன் முடிக்க வேண்டிய தாள் வேலை

போன கோடையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வீடு மாறிப் போகும்போது, கராஜில் கிடந்த கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகை, என் தலையில் கட்டிவிட்டுப் போனார். விலை சல்லிசு. "பத்தடிதான், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் வேண்டாம்" என்றார். நானும் நம்பினேன். இரண்டு வாரம் ஏரியில் சந்தோஷமாக ஓட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் கூரையில் எப்படிக் கட்டுவது என்று பார்ப்பதற்காக டேப்பை நீட்டினால், பத்தடி ஆறு அங்குலம்! அந்த ஆறு அங்குலத்தால்தான் சட்டத்தையே உட்கார்ந்து படித்தேன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். புதிதாக வருபவர்கள் இரண்டு தாள்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று படகுக்கான தாள், அதாவது பதிவு. இன்னொன்று இடத்துக்கான தாள், அதாவது பெர்மிட். பதிவு இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று பொருள் இல்லை. பெர்மிட் கையில் இருப்பதால் பதிவு தேவையில்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் தனித்தனி.

இன்னொரு விஷயம், இங்கே சொல்வதெல்லாம் மினசோட்டாவுக்கு. அமெரிக்க மத்திய சட்டம் மோட்டார் பொருத்திய படகுகளுக்குத்தான் பதிவு எண் கட்டாயம் என்கிறது. துடுப்புப் படகுகளை என்ன செய்வது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். பக்கத்து விஸ்கான்சினில் துடுப்பு மட்டும் போடும் கயாக்குக்குப் பதிவே வேண்டாம். தெற்கே அயோவாவில் 13 அடி வரைக்கும் விலக்கு. நம் மாநிலத்தில் கோடு 10 அடியில் விழுகிறது. டெக்சஸில் இருக்கும் மச்சான் வாட்சப்பில் "அதெல்லாம் வேண்டாம்டா" என்று சொன்னால், அவர் ஊர்க்கதையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: டேப்பை எடுங்கள்

கடைக்காரர் சொன்ன நீளம், பெட்டியில் போட்டிருக்கும் நீளம், விற்றவர் சொன்ன நீளம் எதுவும் வேண்டாம். முன் நுனியிலிருந்து பின் நுனி வரை நேர்கோட்டில் நீங்களே அளந்து பாருங்கள். மோட்டார் இல்லாமல், 10 அடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பதிவு தேவையில்லை. நேராகப் படி 4-க்குப் போய்விடலாம். 10 அடியைத் தாண்டினால் பதிவு வேண்டும்.

இதில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கயாக்கில் அல்ல, நின்றுகொண்டு துடுப்புப் போடும் பேடில்போர்டில். காற்றடிக்கும் பலகைதானே, பொம்மை மாதிரிதானே என்று நினைப்போம். சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் படகுதான். பெரியவர்களுக்கான பலகைகளில் நிறைய பத்தரை, பதினொரு அடியில்தான் வருகின்றன. காற்றை இறக்கிப் பையில் மடித்து வைக்க முடிகிறது என்பதால் விலக்கு கிடைக்காது.

சின்ன மின்சார மோட்டார் ஒன்றை மாட்டினால் கணக்கே மாறிவிடும். மீன் பிடிப்பவர்களுக்கு இந்த ஆசை சீக்கிரம் வரும். மோட்டார் ஏறியதும் எட்டடிக் கயாக்குக்கும் பதிவு வேண்டும். முன்பக்கம் இரண்டு புறமும் எண் ஒட்ட வேண்டும். என்னைக் கேட்டால் முதல் வருடம் துடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலக்குப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. காட்டரிசி அறுவடைக் காலத்தில் அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தும் படகுக்குப் பதிவு வேண்டாம். இங்குள்ள ஏரிகளில் தானாக விளையும் ஒரு வகை நீர்ப்புல்லின் மணிதான் காட்டரிசி. ஓஜிப்வே மக்கள் இதை மனோமின் என்பார்கள். ஒருவர் நீண்ட கழியால் படகைத் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டி மணியைப் படகுக்குள் உதிர்ப்பார். அந்தப் படகு 18 அடி நீளத்துக்கும் 36 அங்குல அகலத்துக்கும் மேல் போகக் கூடாது. நெல்லுக்கு வயலில் இறங்கிய பரம்பரைக்கு, அரிசிக்குப் படகில் போவது விநோதமாகத்தான் இருக்கும்.

படி 2: விவரங்களைச் சேகரியுங்கள்

வாங்கியதற்கான ரசீது வேண்டும். பழைய படகு என்றால் விற்றவர் கையெழுத்துப் போட்ட ஒரு விற்பனைத் தாள் வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை. பிறகு அவர் புது வீட்டுக்கே காரை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. பழைய உரிமையாளர் ஏற்கனவே பதிவு செய்திருந்தால் அவருடைய பதிவு அட்டையையும் கேளுங்கள், பெயர் மாற்றம் சுலபமாக முடியும்.

அடுத்து, படகின் உடல் எண். கார்களுக்குச் சேசிஸ் எண் இருப்பது போல, கம்பெனியில் செய்த படகுகளுக்கு 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. 1972 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. படகில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் உங்களுக்கு வலப்பக்கம், பின் முனைக்கு அருகே தேடுங்கள். பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள், பழைய படகில் தேய்ந்து போயிருக்கும். செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்தால் தெரியும். முதல் மூன்று எழுத்து தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும், கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், படகு திருட்டுப் போனாலும் உதவும்.

படி 3: பதிவு செய்யுங்கள்

கார் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வாங்கப் போவீர்களே, அந்த டெபுட்டி ரெஜிஸ்ட்ரார் அலுவலகம்தான் இதற்கும். மாநில இயற்கை வளத் துறைக்காக அவர்களே படகுப் பதிவையும் செய்து தருகிறார்கள். ரசீது, உடல் எண், நீளம், தயாரிப்பாளர் பெயர், உங்கள் அடையாள அட்டை இவற்றோடு போனால் வேலை சீக்கிரம் முடியும். கயாக்குக்குத் தனியாக உரிமைப் பத்திரம் தேவையில்லை.

பதிவு மூன்று காலண்டர் ஆண்டுகளுக்குச் செல்லும், காலாவதி டிசம்பர் 31-இல். நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பகுதி, ஏரிகளில் அயல் உயிரினங்கள் பரவாமல் தடுக்கும் வேலைக்குப் போகிறது. மோட்டார் இல்லாத கயாக், கேனூ (மேற்புறம் திறந்த நீளத் துடுப்புப் படகு), பேடில்போர்டுக்கு அந்தப் பெரிய எழுத்து எண்ணை ஒட்டும் வேலை இல்லை. கொடுக்கும் ஸ்டிக்கரை, கூட வரும் தாளில் சொன்னபடி ஒட்டினால் சரி. அட்டையை ஜிப் பையில் போட்டு லைஃப் ஜாக்கெட் பாக்கெட்டில் வைத்துவிடுவது என் வழக்கம்.

வேறு மாநிலத்துப் பதிவோடு இங்கே வருபவர்களுக்குத் தொடர்ந்து 90 நாள் வரை அதுவே செல்லும். வீடே மாறி வந்துவிட்டவர்கள் அந்தக் கணக்கில் சாய்ந்துகொள்ளாதீர்கள்.

படி 4: படகில் என்ன இருக்க வேண்டும்

பத்தடிக்குக் குறைவான படகுக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். பதிவிலிருந்துதான் விலக்கு, பாதுகாப்பிலிருந்து இல்லை.

ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், அளவு சரியாக, அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும். உள்பக்கம் அச்சடித்திருக்கும். நீச்சல் குளத்தில் குழந்தைகள் கையில் மாட்டும் காற்றுப் பைகள் கணக்கில் வராது. 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் படகு நகரும்போது போட்டே ஆக வேண்டும். பெரியவர்களுக்குச் சட்டம் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறது. சட்டம் என்ன சொன்னாலும் சரி, போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பனிக்கட்டி உருகிய ஏரியில் வெயில் முகத்தில் அடிக்கும், தண்ணீரோ உயிரை உறைய வைக்கும். கவிழ்ந்த பிறகு ஜாக்கெட்டை எடுத்து மாட்ட விரல் ஒத்துழைக்காது.

சூரியன் மறைந்த பிறகும் ஓட்டுவதானால் வெள்ளை ஒளி தரும் டார்ச் ஒன்று வேண்டும், எதிரே வரும் மோட்டார் படகுக்கு மோதும் முன்பே காட்டுவதற்கு. ஒரு விசிலும் கழுத்தில் தொங்கட்டும்.

படி 5: கரையேறும்போது

அபராதம் வாங்கித் தருவதில் இதுதான் முன்னணி என்பது என் எண்ணம், ஏனென்றால் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஏரியிலிருந்து எடுத்ததும் ஒட்டியிருக்கும் பாசி, கொடி எல்லாவற்றையும் அங்கேயே பிய்த்துப் போடுங்கள். அடைப்பான் இருந்தால் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். நீர்ச்செடியோடும் தேங்கிய தண்ணீரோடும் படகைச் சாலையில் கொண்டுபோவது இங்கே சட்டப்படி குற்றம். சீப்ரா மட்டி என்ற விரல்நகம் அளவுச் சிப்பி ஒன்று பல ஏரிகளைக் கெடுத்து வைத்திருக்கிறது. ஊரில் ஆகாயத்தாமரை குளங்களை மூடியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

படி 6: இடத்துக்கான தாள்

மாநிலத்தில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842. பெரும்பாலானவற்றில் அரசு அமைத்த பொதுப் படகுத்துறைகளில் படகை இறக்கக் கட்டணம் கிடையாது. மாநிலப் பூங்காவுக்குள் போனால் காருக்கு ஒரு பெர்மிட் வாங்க வேண்டும், அது காருக்கு, படகுக்கு அல்ல. ஆறுகளில் அரசு குறித்து வைத்த நீர்வழித் தடங்களும் உண்டு, 1963-லிருந்து நடக்கும் திட்டம். வரைபடங்களை இலவசமாகவே தருகிறார்கள்.

உண்மையில் பெர்மிட் என்று அதிகம் அலையவைப்பது ஓர் இடம், வடக்கே கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல், ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள், இடையிடையே படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்கும் காட்டுப் பாதைகள். அந்தப் பாதைகளின் நீளத்தை ராட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கேனூ நீளம். 320 ராட் என்று வரைபடத்தில் கண்டால் ஒரு மைல் சுமக்க வேண்டும் என்று அர்த்தம். அதனால் இங்கே போக மட்டும் உங்கள் கயாக்கை வீட்டில் விட்டுவிட்டு, அதன் அருகே உள்ள ஈலி ஊரில், கெவ்லர் என்ற செயற்கை இழையால் செய்த லேசான கேனூ ஒன்றை வாடகைக்கு எடுங்கள். தோளில் ஏற்றக் கயாக் ஒத்துவராது. பதிவு விவகாரமும் வாடகைக்கு விடுபவர் பாடு.

ஒரு நாள் துடுப்புப் போட்டுத் திரும்புவதானால் நுழைவிடத்திலேயே இருக்கும் படிவத்தை நாமே நிரப்பிப் பெட்டியில் போட்டால் போதும். இரவு தங்குவதானால் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் ஒரு நாளைக்கு இத்தனை குழுதான். ஜனவரி இறுதியில் இணையத்தில் முன்பதிவு திறக்கும். மூஸ் லேக், லேக் ஒன் மாதிரிப் பிரபல நுழைவிடங்களின் ஜூலை, ஆகஸ்ட் நாட்கள் தட்கல் டிக்கெட் போலப் பறந்துவிடும். குழுத் தலைவர் பெயரையும், அவர் வர முடியாமல் போனால் யார் என்பதையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும். பெர்மிட்டை வேறு ஆளுக்கு மாற்ற முடியாது. அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்க வேண்டும், வன விதிகள் பற்றி ஒரு வீடியோ பார்த்துச் சில கேள்விகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். குறித்த நாளில், குறித்த இடத்தில்தான் நுழையலாம்.

நம் ஆட்களுக்கு இடிக்கும் விதி இதுதான்: ஒரு குழுவில் அதிகபட்சம் ஒன்பது பேர், நான்கு படகு. இரண்டு குடும்பம் தனித்தனிப் பெர்மிட் எடுத்து, உள்ளே போய் ஒரே முகாமில் சேர்ந்து பிரியாணி போடலாம் என்று திட்டமிட்டால் அதுவும் கூடாது. சுமக்கும் பாதையில்கூட ஒன்பது பேருக்கு மேல் ஒன்றாக நிற்கக் கூடாது.

கண்ணாடிப் பாட்டிலும் தகர டப்பாவும் உள்ளே கொண்டுபோகத் தடை. மருந்து, கொசு விரட்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆவக்காய் ஊறுகாய் அந்தப் பட்டியலில் இல்லை, கிளம்புவதற்கு முந்தைய இரவே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். நான் நுழைவிடத்து வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து, கரண்டியும் இல்லாமல், அந்த வேலையைச் செய்தேன்.