மொரீசியஸில் நீர்க்கரடிகளின் பரவலைக் கண்டறிவது எப்படி

நீர்க்கரடி (டார்டிகிரேட்) பாசியிலும் லைக்கனிலும் வாழும் நுண்ணிய விலங்கு, அதற்கு எட்டுக் கால்கள். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானவை. ஸ்வால்பார்ட், கிரீன்லாந்து போன்ற வடகோடித் தீவுகளில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்று நூறாண்டுகளுக்கும் மேலாகத் தேடி வருகிறார்கள். பனியுகத்தில் அந்தத் தீவுகளைப் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அதனால் அங்கே முதலில் எழும் கேள்வி, இவை பனிக்குத் தப்பிப் பிழைத்தவையா, பிறகு வந்து சேர்ந்தவையா என்பதுதான். நம் தீவின் கதை வேறு. ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு மேல் எழுந்த எரிமலைத் தீவு இது. இங்குள்ள நிலவாழ் நீர்க்கரடிகளின் மூதாதைகள் காற்றிலோ, பறவையின் காலிலோ, பின்னாளில் மனிதர் கொண்டுவந்த செடியின் வேர்மண்ணிலோதான் வந்திருக்க வேண்டும். கேள்வி வேறானாலும் தேடும் முறை ஒன்றே.

எங்கே எடுப்பது

ஓர் இடத்தில் மட்டும் எடுத்துப் பார்த்தால் பரவல் தெரியாது. உயரமும் மழையும் மாறும் திசையில் இடங்களை வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை பெய்கிறது. நடுமேட்டில் 4,000 மி.மீ. வரை போகிறது. போர்ட் லூயிஸ் கரையில் தொடங்கி 812 மீட்டர் லெ பூஸ் உச்சி வரை 100 மீட்டர் உயரத்துக்கு ஓர் இடம் என்று வைத்தால், கரையையும் சேர்த்து ஒன்பது இடங்கள் கிடைக்கும். கியூர்பிப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றியுள்ள மரங்களையும், காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலையடிவாரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று வகைப் பரப்புகளைப் பாருங்கள்: கல்மேல் பாசி, மரப்பட்டைமேல் பாசி, இலைபோல் விரிந்த லைக்கன். குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அதே போன்ற மடிப்புள்ள சாம்பல்நிறப் படலங்களே நமக்கு வேண்டும். கரும்புத் தோட்டங்களில் பொறுக்கிக் குவித்த கருங்கல் குவியல்கள் அருமையான இடம், ஆனால் களைக்கொல்லி தெளித்த ஓரங்களைத் தவிர்த்துவிடுங்கள். கோயில் மதில் பாசியை எடுப்பதானால் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள், கடைசியாக எப்போது ஜவேல் (வெளுப்புநீர்) ஊற்றிக் கழுவினார்கள் என்றும் விசாரியுங்கள். கழுவிய மதிலில் புதிதாக முளைத்த பாசியில் எதுவும் இல்லாமல் போனால், அது உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிளாக் ரிவர் தேசியப் பூங்காவுக்குள் ஒரு சிட்டிகைப் பாசி எடுக்கவும் தேசியப் பூங்கா மற்றும் பாதுகாப்புத் துறையின் எழுத்து அனுமதி தேவை. வடக்கேயுள்ள ரவுண்டு தீவும் சர்ப்பத் தீவும் இயற்கைக் காப்பகங்கள், அங்கே தாமாகக் கரையிறங்கக் கூடாது. கடற்பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டும் சர்ப்பத் தீவின் வெறும் பாறை, ஸ்வால்பார்டில் பறவைகள் கூடுகட்டும் செங்குத்துப் பாறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த இடம். ஆனாலும் அதை அனுமதி பெற்ற ஆய்வுக்குழுதான் செய்ய வேண்டும்.

உறையும் குறிப்பும்

தீப்பெட்டி அளவு துண்டுகளாக, ஒரு பரப்புக்கு ஐந்து மாதிரி எடுங்கள். ஐந்தையும் ஒரே கல்லிலிருந்து பெயர்க்காதீர்கள். நீர்க்கரடிகள் திட்டுத்திட்டாக வாழ்பவை. ஒரு பாசித்துண்டில் நூறு இருக்கும், ஒரு முழம் தள்ளி ஒன்றும் இருக்காது. ஒரே மாதிரியை வைத்து "இங்கே இல்லை" என்று எழுதினால் அது பெரும்பாலும் பொய்யாகும்.

காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் பாசி ஈரத்தோடு வேகும், பூஞ்சை பிடிக்கும், காற்றில்லாமல் உயிர்கள் சாகும். உறைமேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். நாள், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், பரப்பின் வகை, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எந்தத் திசை பார்த்தது, நிழலா வெயிலா என்று எல்லாமே வேண்டும். கைப்பேசி காட்டும் உயரத்தில் பத்து இருபது மீட்டர் பிசகு சாதாரணம். உயரத்தைச் சமவுயரக் கோட்டு வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உலர்த்துவதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். காயும்போது நீர்க்கரடி கால்களை உள்ளிழுத்துச் சிறு பீப்பாய்போல் சுருங்கித்தான் உயிரைக் காத்துக்கொள்ளும், அதற்கு நேரம் வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ சட்டென்று காயவைத்தால் சுருங்கி முடியும் முன்பே செத்துவிடும். உறையைத் திறந்து நிழலில் வையுங்கள். கரையோர ஊர்களில் மூன்று நாள் போதும். கியூர்பிப், வாகுவா ஈரக்காற்றில் ஒரு வாரமும் ஆகலாம். புயல் காலத்தில் எடுக்காமல் மே முதல் அக்டோபர் வரை எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பிரித்தெடுத்தல்

ஒவ்வொரு மாதிரியிலும் காய்ந்த பாசி அரை கிராம் நிறுத்து எடுங்கள். எடை ஒன்றாக இல்லாவிட்டால் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. மீதியை உறையிலேயே விட்டுவையுங்கள்.

பெட்ரிக் கிண்ணத்தில் பாசியைத் தலைகீழாக வைத்து, மூழ்கும்வரை மழைநீர் ஊற்றுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். 12 மணி நேரம் ஊறினால் போதும், 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். நம் வெப்பத்தில் நீரின் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து, நீர்க்கரடிகள் விறைத்து நீண்டு அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடந்தால் செத்ததென்று முடிவு கட்ட வேண்டாம். புதுநீர் மாற்றிச் சில மணி நேரம் விட்டால் பல மீண்டும் நடக்கும்.

ஊறிய பாசியைக் கவ்வியால் பிடித்து நீருக்குள் நன்றாக உதறி, பிழிந்து எடுத்துவிடுங்கள். நீரை முதலில் ஒரு மி.மீ. கண்ணுள்ள சல்லடையிலும், பிறகு 40 மைக்ரான் நைலான் வலையிலும் ஊற்றுங்கள். வலையில் தங்கியதைப் பின்புறமாக நீர் பாய்ச்சி அடியில் கட்டம் கீறிய கிண்ணத்தில் இறக்குங்கள். கருப்புத் தாளின் மேல் வைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, 40 மடங்கு உருப்பெருக்கத்தில் கட்டம் கட்டமாக எண்ணுங்கள். நெளிந்து துள்ளுபவை உருளைப்புழுக்கள், தலையில் சக்கரம் சுழல்வதுபோல் தெரிபவை ரோட்டிஃபெர்கள். நீர்க்கரடி தத்தித் தத்தி நடக்கும், கடைசிச் சோடிக் கால்கள் பின்னோக்கி இருக்கும். மெல்லிய பிப்பெட்டால் உறிஞ்சி எடுக்கும்போது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் பிப்பெட்டையும் வலையையும் கொதிநீரில் அலசாவிட்டால், லெ பூஸ் உச்சியின் விலங்கு கரையோரக் கணக்கில் ஏறிவிடும்.

முட்டைகளையும் எடுத்து வையுங்கள். மாக்ரோபயோடஸ் என்ற நீர்க்கரடிப் பேரினம் தனித்தனியாக இடும் முட்டைகளின் மேல் முள்ளும் குமிழுமாக வேலைப்பாடு இருக்கும். அந்த வேலைப்பாடு இல்லாமல் பல இனங்களைப் பிரிக்கவே முடியாது. மில்னேசியம் என்ற இன்னொரு பேரினம் கழற்றிய தோலுக்குள் வழவழப்பான முட்டைகளை விட்டுவைக்கும்.

பெயரிடுதல்

நகமும் வாய்க்குழலும் தெளிவாகத் தெரிய விலங்கை 60 டிகிரி நீரில் 30 நிமிடம் வைத்து நீளவிட்ட பிறகே கண்ணாடித் தகட்டில் ஏற்றுங்கள். தகட்டில் பதிக்க ஹோயர் கலவைதான் வழக்கம். அதிலுள்ள குளோரல் ஹைட்ரேட் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொருள் என்பதால், அந்த வேலையைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்வதே சரி. டி.என்.ஏ. பார்க்க வேண்டியவற்றை 95 சதவீத எத்தனாலில் தனியே வையுங்கள்.

முதுகில் தகடுகளும் நீண்ட இழைகளும் செந்நிறமும் இருந்தால் எகினிஸ்கஸ் குடும்பம் என்று சொல்லலாம். அதற்கு மேல் இனப்பெயர் எழுத அவசரப்படாதீர்கள். மில்னேசியம் டார்டிகிரேடம் என்ற பெயரை 1840 முதல் உலகெங்கும் கண்ட விலங்குகளுக்கு வைத்துவந்தார்கள். 2012இல் அந்த இனத்தை மறுபடி விவரித்தபோது, ஒரே பெயருக்குள் பல இனங்கள் கிடந்தது தெளிவாயிற்று. பழைய பட்டியலைப் பார்த்து வடதுருவத் தீவின் பெயரை நம் விலங்குக்கு ஒட்டினால், இல்லாத ஓர் உறவு வரைபடத்தில் ஏறும். பேரினம் வரை எழுதி நிறுத்துவதே நேர்மை.

அட்டவணையில் சுழியம் வந்த மாதிரிகளையும் விடாமல் எழுதுங்கள். தேடிக் கிடைக்காத இடமும் தேடவே படாத இடமும் வரைபடத்தில் வேறு வேறு குறியாக இருக்க வேண்டும். பல பரவல் வரைபடங்கள் காட்டுவது விலங்கு வாழும் இடத்தை அல்ல, ஆய்வாளர் நடந்த பாதையைத்தான்.

மீதமுள்ள காய்ந்த பாசியை அலமாரியில் சும்மா விடாதீர்கள். நம் காற்றின் ஈரத்தில் அது நனைந்து நனைந்து காயும், ஒவ்வொரு முறையும் விலங்கு உடலில் சேமித்த ஆற்றல் கரையும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் உறையோடு வைத்து உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வையுங்கள். அண்டார்க்டிகாவில் 1983இல் எடுத்து உறைநிலையில் வைத்த பாசியிலிருந்து 2014இல் நீர்க்கரடிகள் உயிரோடு எழுந்திருக்கின்றன.