வீட்டு சர்வர் வெளியே திறக்கவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, வலைத்தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை நிறுவி, வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு (வாசல் எண்ணுக்கு) வரும் இணைப்பை லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் ரவுட்டரில் செய்தாயிற்று. வீட்டில் எல்லாருடைய போனிலும் தளம் அழகாகத் திறக்கிறது. நண்பருக்கு லிங்க் அனுப்பினால், "சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்கிறார். உடனே நாம் கை வைப்பது சர்வரில்தான். கான்ஃபிக் ஃபைலை மாற்றுவோம், அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வோம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

முதல் தவறு, வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிப்பது. 192.168.1.10 என்று உள் முகவரியைப் போட்டுத் திறந்தால், சர்வர் ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். வெளியார் வரும் பாதையை அந்தச் சோதனை தொடவே இல்லை. டொமைன் பெயரைப் போட்டுப் பார்த்தாலும் நம்ப முடியாது. வீட்டுக்குள்ளிருந்து நம்முடைய பொது முகவரிக்கே (வெளி இணையத்துக்குத் தெரியும் எண்) போகும் பாக்கெட்டை (தரவுத் துண்டு) திருப்பி உள்ளே அனுப்பச் சில ரவுட்டர்களுக்குத் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. அதனால் ஊருக்கெல்லாம் திறக்கும் தளம் நம் வீட்டில் மட்டும் திறக்காமல் போவதும் உண்டு. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது வரும் பிழைச் செய்தியை முழுதாக வாசிக்காமல் விடுவது அடுத்த தவறு. வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம்அவுட்' என்று வந்தால், பாக்கெட்டுக்கு யாரும் பதிலே சொல்லவில்லை என்று பொருள். ஒன்று வழியில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஏதோ ஃபயர்வால் விழுங்கியிருக்கிறது, அல்லது அது வீடு வரை வரவே இல்லை. சட்டென்று 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு இயந்திரம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை. '502' வந்தால் சந்தோஷப்படுங்கள்: உங்கள் என்ஜின்எக்ஸ் வரை வந்தாயிற்று, பின்னால் இருக்கும் ஆப்தான் படுத்திருக்கிறது. ரவுட்டர் பக்கமே போக வேண்டாம்.

டைம்அவுட் வருகிறவர்கள் கவனிக்க. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தது இதில்தான். ஃபார்வர்டிங் விதியை அழித்து அழித்து எழுதினேன், ரவுட்டரை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்தேன். சாயங்காலம்தான் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐபி' (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற வரி கண்ணில் பட்டது. 100.72 என்று தொடங்கியது. 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளத்தில் பார்த்தால் முற்றிலும் வேறு எண். அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது.

100.64 தொடங்கி 100.127 வரையிலான முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் இணைய நிறுவனங்களுக்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டவை. இந்த வகை முகவரிகளான ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கு கொடுக்கும் ஏபிநிக், 2011 ஏப்ரலிலேயே கையிருப்பின் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை உட்கார வைக்கின்றன. இதற்குப் பெயர் சிஜிநாட். தெருமுனை கேட்டின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது; நாம் நம் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு விருந்தாளி ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை ரவுட்டர் செட்டிங்கில் சரி செய்யவே முடியாது. நிறுவனத்திடம் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (நமக்கென்று நிலையான பொது முகவரி) வாங்கலாம். இல்லாவிட்டால் கிளவுட்ஃப்ளேர் டன்னல் போன்ற ஒரு சேவையை வைக்கலாம். அதில் இணைப்பை நம் வீட்டு சர்வர்தான் வெளிநோக்கித் தொடங்குகிறது, எனவே எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. சின்னத் தளத்துக்கு என் ஓட்டு டன்னலுக்கே.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் கதை வேறு. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர், அதன் பின்னால் நீங்கள் வாங்கி வைத்தது இன்னொன்று. ஒன்றில் மட்டும் ஃபார்வர்டிங் செய்தால் போதாது. முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றிவிடுவது நிம்மதி.

நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்த பிறகு இல்லை என்கிறீர்களா? லேப்டாப்புக்கு ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்கும். விதி இன்னும் .10-ஐக் காட்டும், லேப்டாப் .14-ல் இருக்கும். லேப்டாப்புக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் ரிசர்வ் செய்து வையுங்கள். ரவுட்டர் அணைந்து எழுந்தால் பொது முகவரியும் மாறக்கூடும். டிடிஎன்எஸ் (மாறும் முகவரியை டொமைனில் தானாகப் புதுப்பிக்கும் வசதி) வைக்காதவர்கள் டொமைன் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வலைத்தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 80, 443 போர்ட்டுகளைச் சில நிறுவனங்கள் வீட்டு இணைப்பில் அடைத்து வைக்கின்றன. வெளியே 8080-ஐ உள்ளே 80-க்குத் திருப்பிப் பாருங்கள். அது மட்டும் வேலை செய்தால் அடைப்பு அங்கேதான்.

எதுவும் சரிவராத கடுப்பில், ஃபயர்வாலை அணைத்துவிட்டு லேப்டாப்பை டிஎம்இசட்டில் (எல்லாப் போர்ட்டுகளும் வெளியே திறந்திருக்கும் நிலை) போடுவார்கள். வேண்டாம். பொது முகவரிகளை பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கின்றன, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான உங்கள் எஸ்எஸ்எச் பாஸ்வேர்டைத்தான் முதலில் தட்டிப் பார்க்கும்.

அதற்குப் பதில் சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, நீங்கள் ஃபார்வர்ட் செய்த போர்ட்டை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறங்கள். திரையில் ஒரு வரி வந்து விழுந்தால், பாக்கெட் லேப்டாப் வரை வந்துவிட்டது. உள்வரும் பாக்கெட்டை இது ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும் என்பதால் அடுத்துப் பார்க்க வேண்டியது யூஎஃப்டபிள்யூ (லேப்டாப்பின் ஃபயர்வால்) விதிகளை. ஒரு வரியும் வரவில்லை என்றால் சர்வரைத் தொடாமல் எழுந்து ரவுட்டர் பக்கம் போங்கள்.