புகைச் சோதனையில் தேறாத பைக்: காரணம் சோக் கேபிள்

பதினைந்து வருடம் முடிந்த 100 சிசி பைக்கின் ஆர்சியை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்றிலேயே முட்டுக்கட்டை. ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; என் வண்டி 5-ஐத் தாண்டியது.

திருப்பூரில் எல்லோரும் முதலில் ஏர் ஃபில்டரைத்தான் சொல்வார்கள், பனியன் கம்பெனிப் பஞ்சு அப்படி. மாற்றினேன். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவி டியூன் செய்தோம். ரீடிங் அசையவில்லை.

கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "காலைல சோக் போடாமயே ஸ்டார்ட் ஆகுதுங்களா?" ஆமாம், மார்கழியிலும் ஒரே கிக். நல்ல இன்ஜின் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்! அதுதான் துப்பு. சோக் என்பது குளிர்ந்த இன்ஜின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்பு.

ஹேண்டிலில் சோக் லீவர் முழுக்க ஆஃப் நிலையில்தான் இருந்தது. ஆனால் கேபிள் உறைக்குள் துரு. அதனால் கார்புரேட்டரில் அந்தக் கூடுதல் பெட்ரோல் வழியை அடைக்கும் பிளஞ்சர் கொஞ்சம் தூக்கியே நின்று, எந்நேரமும் கூடுதல் பெட்ரோலை விட்டிருக்கிறது. லீவரைப் பார்த்தால் தெரியாது. கார்புரேட்டர் முனையில் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

புதுக் கேபிள் போட்டு, லேசாகத் தளர்வு விட்டு, ஐடிலிங்கை மறுபடி வைத்தோம். இன்ஜின் நன்றாகச் சூடானபின் சோதித்ததில் ரீடிங் 2-க்குக் கீழே. பெருமூச்சு. ஆர்சி புதுப்பிப்பு ஆய்வில் பின் ரிஃப்ளெக்டர் மட்டும் ஒட்டச் சொன்னார்கள்.